நித்திய நியமம்: யாரும் பார்க்காத நாளின் வழிபாடு

கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளி எல்லைக்கு உறக்கம் கிடையாது. தேனி, கம்பம் வழியாக வரும் ஐயப்பமார்களின் வண்டிகள் இரவு பகல் பாராமல் மலை ஏறிக்கொண்டே இருக்கும். கருப்பு வேட்டி, கழுத்திலே துளசி மாலை, தலையிலே இருமுடி, வாயிலே சரண கோஷம். ஏலக்காய் வியாபாரத்திற்காகப் போடிக்கும் குமுளிக்கும் பாலக்காட்டுக்குமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தவன் நான். அந்தக் கூட்டத்தை ஆண்டு தவறாமல் பார்த்திருக்கிறேன். பிறப்பால் நான் தமிழ்ச் சமணன். ஆனாலும் அந்தச் சரண கோஷம் காதில் விழுந்தால் தராசைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றுதான் போவேன்.

எங்கள் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவர் ஆண்டுதோறும் மாலை போடுவார். அந்த நாற்பத்தோரு நாளும் விடியுமுன் குளியல், மாலையிலும் குளியல், சுத்த சைவம், குடி கிடையாது, கோபம் கிடையாது. எதிரே வருகிற எவரையும் "சாமி" என்றுதான் அழைப்பார். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றியதும் பழைய ஆள் வந்துவிடுவார். ஒருநாள் அவரே சொன்னார்: "மாலை கழுத்துல இருக்கிற வரைக்கும் நான் நல்லவன் முதலாளி. கழட்டினா என்னமோ ஆயிடுது." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நாற்பத்தோரு நாள் முடிந்த ஒருவனுக்கு நாற்பத்திரண்டாம் நாள் என்ன வேலை? அந்தக் கேள்விக்கு எல்லைப்புறத்தில் நான் கண்டதையும் நூல்களில் படித்ததையும் வைத்து விடை தேடுவதே இக்கட்டுரை.

திருவிழாவும் திருவிளக்கும்

குமுளிக்கு மேலே, தேனி இடுக்கி எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் மங்கலதேவி கண்ணகி கோவில் இருக்கிறது. பழைய கருங்கல் கட்டடம், பாதி இடிந்து கிடக்கிறது. பக்தர்களுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் அனுமதி. இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. கேரளத்துக்காரர்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் போவார்கள். நம்மவர்கள் பலர் பளியன்குடியிலிருந்து காட்டு வழியே நடந்து ஏறுவார்கள். சிலம்பு பாடிய இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்பது வழிவழி வந்த செய்தி. கண்ணகியோடு வழித்துணையாக நடந்த கவுந்தியடிகளும் சமணப் பெண் துறவியே. ஆகவே அந்த மலை எனக்கும் அன்னியமல்ல. ஆனால் அங்கே நின்றபோதெல்லாம் மனதில் ஒன்று உறுத்தியதுண்டு. ஒருநாள் இத்தனை ஆயிரம் பேர்; மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் காற்றும் யானையும்தான். காட்டைக் காக்க அது வேண்டியிருக்கலாம். நம் வீட்டுப் பூஜை அறையும் அப்படியே இருந்தால் அதற்கு எந்த அரசாங்கத்தைக் காரணம் சொல்வது?

பாலக்காட்டிலே இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். "காசியில் பாதி கல்பாத்தி" என்பார்கள். கல்பாத்திப் புழையின் கரையில் விசுவநாத சுவாமி கோவில். லட்சுமி அம்மாள் என்ற மாது காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கத்தை வைத்து 1425-ஆம் ஆண்டு எழுந்த கோவில் என்பது அங்கே வழங்கும் வரலாறு. ஐப்பசி மாதக் கடைசியில் தேர். மும்பை, சென்னை, தில்லி, அமெரிக்கா என்று எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் வந்து வடம் பிடிப்பார்கள். அக்கிரகாரத் திண்ணைகள் நிறைந்து வழியும். தேர் நிலைக்கு வந்த நாலாம் நாள் அதே தெருவில் நடந்து பாருங்கள். பல வீடுகளில் பூட்டு. சில வீடுகளில் ஒரு வயதான மாமி மட்டும். ஆனால் அந்தச் சில வீடுகளில் அந்தி சாயும்போது விளக்கு எரியும்.

தேரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தேர் ஓடினால்தான் ஊர் கூடும். ஆனால் தேர் ஓடுவதற்கு ஒரு கோவில் வேண்டும். அது கோவிலாக இருக்க வேண்டுமானால் கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையிலும் ஒருவர் வந்து நடை திறக்க வேண்டும். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இதை நாடே கண்டது. பெரிய விழாக்கள் நின்றன, பக்தர்களுக்கு அனுமதி நின்றது. அன்றாடப் பூஜை நிற்கவில்லை. அர்ச்சகர் ஒருவர் தனியாக உள்ளே போய் அபிஷேகம் செய்து, தீபம் காட்டி, நடை சாத்தினார். பார்க்க ஆளில்லாத அந்தத் தீபாராதனைதான் கோவிலைக் கோவிலாக வைத்திருந்தது.

ஆளில்லாத அரங்கு

இதே கருத்தைப் பாலக்காட்டுக் காவுகளில் ஒரு கலையாகவே செய்து வைத்திருக்கிறார்கள். தோல்பாவைக்கூத்து என்று பெயர். பகவதி கோவில்களின் முன்னே கூத்துமாடம் என்ற நிலையான மேடை இருக்கும். வெள்ளைத் திரைக்குப் பின்னே இருபத்தோரு எண்ணெய் விளக்குகள். கோவிலிலிருந்து கொண்டுவரும் நெருப்பால் அவை ஏற்றப்படும். தோலில் செதுக்கிய இராமனும் சீதையும் இராவணனும் திரையில் நிழலாக ஆடுவார்கள். தை முதல் கோடை வரை காலம். ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தோரு இரவு என்று ஒவ்வொரு காவுக்கும் ஒரு கணக்கு. ஷொர்ணூர் அருகே கவளப்பாறை ஆரியங்காவில் இருபத்தோரு இரவு நடக்கிறது.

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. மலையாளம் வழங்கும் அந்த ஊர்களில் புலவர்கள் பாடுவது கம்பராமாயணப் பாட்டு. தமிழ்ப் பாட்டைப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்து விளக்கம் சொல்வார்கள். ஆடுகிறவர்களுக்கே புலவர் என்றுதான் பெயர். இக்கலையைத் தலைமுறையாகக் காத்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த இராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நள்ளிரவுக்கு மேல் அந்தக் கூத்தின் முன்னே பெரும்பாலும் ஆள் இருக்காது. நானே ஒரு தடவை பார்த்தேன். நான் ஒருவன், ஒரு நாய், தூணோரம் தூங்கும் ஒரு கிழவர், அவ்வளவுதான். உள்ளே புலவர்கள் குரல் தாழாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆளில்லையே என்று ஒரு பாட்டைக்கூடச் சுருக்கவில்லை. காரணம் கேட்டால் கதை சொல்வார்கள். தாரிகாசுரனோடு போர் செய்யப் போயிருந்த பத்ரகாளிக்கு இராம ராவண யுத்தத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையாம். அவள் பார்ப்பதற்காகத்தான் கூத்து. எதிரே கோவில் நடை திறந்திருக்கிறது, அம்மை பார்க்கிறாள், வேறு யார் வேண்டும்?

நித்திய வழிபாட்டின் சாரம் இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்க ஆளில்லாத வேளையிலும் குறையாமல் செய்வது.

மூன்று விளக்குகளும் ஒரு கல்லும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தை நான் மெல்ல மெல்லப் படித்தவன். அதிலே விளக்கெரித்தே அடியாரானவர்கள் மூவர். திருவொற்றியூர்க் கலியநாயனார் எண்ணெய்ச் செக்கு வணிகர். செல்வம் போயிற்று, கூலிக்குச் செக்காட்டினார், அதுவும் போயிற்று. விளக்கை மட்டும் விடவில்லை. கணம்புல்ல நாயனார் புல் அறுத்து விற்று நெய் வாங்கினார். புல் விற்காத அன்று புல்லையே எரித்தார். அதுவும் வழக்கமான யாமம் வரைக்கும் போதாதபோது தம் தலைமுடியையே விளக்கில் மூட்டினார்.

மூன்றாமவர் நமிநந்தியடிகள். திருவாரூர் அறநெறியில் அந்தி நேரத்தில் விளக்கேற்ற நெய் வேண்டி அருகிலிருந்த ஒரு வீட்டில் கேட்டார். அது சமணர் வீடு. அவர்கள், கையிலே நெருப்பை ஏந்தியவனுக்கு விளக்கு எதற்கு, தண்ணீரை ஊற்றி எரியுங்கள் என்று பரிகசித்தார்களாம். அவர் குளத்து நீரை முகந்து ஊற்றி விளக்கேற்றினார். எரிந்தது என்கிறது புராணம். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு முகம் சுருங்கியது உண்மை. எங்கள் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நெய் கேட்டு வந்தவனுக்குக் கொடுக்காமல் வாயாடியது எந்த மதத்துக்காரன் செய்தாலும் பிழைதானே" என்றார். அதோடு என் சங்கடம் தீர்ந்தது. ஒருநாள் தண்ணீரில் எரிந்தது அற்புதம்தான். ஆனால் அதன் பிறகும் அவர் நாள்தோறும் வந்து விளக்கெரித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒருநாள் அற்புதத்தைவிட மறுநாள் எண்ணெய்க் குடத்தோடு வருவது கடினம்.

கல் என்று சொன்னது சாக்கிய நாயனாரை. பௌத்தக் கோலத்திலேயே இருந்தவர். சிவலிங்கத்தின் மேல் நாள்தோறும் ஒரு கல்லை எறிந்துவிட்டுத்தான் உண்பார். பூவல்ல, மந்திரமல்ல, கல். ஒருநாள் மறந்து உண்ண உட்கார்ந்தவர் நினைவு வந்ததும் பதறி எழுந்து ஓடினார். அந்த ஓட்டத்திலே இருக்கிறது பக்தி. பொருள் எதுவானால் என்ன, தவறாமை அதைப் பூவாக்கிவிட்டது.

அளவு முக்கியம்

இனி என் தோல்வியைச் சொல்ல வேண்டும். சமண இல்லறத்தாருக்குச் சாமாயிகம் என்று ஒரு நியமம் உண்டு. ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, இன்றைய கணக்கில் 48 நிமிடம், விருப்பு வெறுப்பை ஒதுக்கிச் சமநிலையில் அமர்வது. 1998-இல் தசலட்சண பருவத்தின் உற்சாகத்தில், நாளொன்றுக்கு மூன்று வேளை அமர்வேன் என்று நானே ஒரு சபதம் செய்தேன். நாலு மாதம் நடந்தது. பிறகு வியாபார நெருக்கடி. ஒரு வேளை விட்டது, அப்புறம் ஒருநாள் விட்டது. விட்டதை நினைக்க வெட்கம். அந்த வெட்கத்தில் மறுநாளும் உட்காரவில்லை. இப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பெரிய சபதம் சின்ன நியமத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கல்பாத்தியில் எனக்குப் பழக்கமான ஒரு வயதான மாமி கண்ணைத் திறந்தார். எத்தனை வருஷமாக மாமி விடாமல் பூஜை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் பெரிசா ஒண்ணும் பண்றதில்லையாக்கும், நயினாரே. சாயந்தரம் விளக்கேத்தறேன், ஒரு சுலோகம், ஒரு நமஸ்காரம். ஜுரம் வந்தாலும் முடியற அளவு. முடியாத அளவு வச்சுண்டா நமக்கும் கஷ்டம், பகவானுக்கும் கஷ்டம்" என்றார்.

ஜுரத்திலும் முடிகிற அளவு! எங்கள் நூல்களில் துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம் என்று பிரித்து வைத்திருப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அணு என்றால் அற்பம் என்று பொருளில்லை. தாங்கக்கூடியது என்று பொருள். நியமத்தின் அளவை நம்முடைய நல்ல நாளை வைத்து முடிவு செய்யக்கூடாது, மோசமான நாளை வைத்து முடிவு செய்ய வேண்டும். மறுநாளே ஒரு வேளை, அரை நாழிகை என்று ஆரம்பித்தேன். அது பன்னிரண்டு நிமிடம். இன்றுவரை பெரும்பாலும் நடக்கிறது.

"பெரும்பாலும்" என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். இடைவெளி வரத்தான் செய்யும். நம் முன்னோர்கள் அதை அறியாதவர்கள் அல்லர். சந்தியாவந்தனத்தில் வேளை தவறியதற்கான பிராயச்சித்த அர்க்கியம் என்று ஒன்றை அன்றாடச் சடங்கிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். மனிதன் தாமதிப்பான் என்று தெரிந்தே அமைத்த ஏற்பாடு! வீட்டில் சாவு என்றால் தீட்டு, சாமி விளக்கு நிற்கும். அதே மாமி தன் கணவர் காலமானதைச் சொல்லும்போது, "தீட்டு கழிஞ்சு சுபம் ஆனதும் திரியைப் போட்டேன். ஏன் விட்டேன்னு யாரும் கேக்கலை, நானும் கேட்டுக்கலை" என்றார். வியாபாரிக்கு இது புரியும். ஒரு வாரம் நாள்வழிக் கணக்கு எழுத விட்டுப்போனால் பேரேட்டையே கிழித்துப் போடுவோமா? இன்றைய தேதியைப் போட்டு இன்றைய வரவை எழுதுவோம். விட்டது குற்றமல்ல, திரும்பாததே குற்றம்.

இயந்திரம் ஆகிவிடாதா?

படித்த இளைஞர்கள் கேட்பது இது: தினமும் அதையே செய்தால் வெறும் பழக்கமாகிவிடாதா? நியாயமான கேள்வி. பதஞ்சலி முனிவர் பயிற்சிக்கு மூன்று இலக்கணம் சொல்கிறார். நெடுங்காலம், இடைவிடாமை, அதோடு அக்கறை. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் செக்குமாட்டு நடைதான். ஆனால் அக்கறை வேறு, உணர்ச்சி வேறு. மனம் உருகாத நாட்கள்தான் நம் வாழ்வில் அதிகம். அன்றைக்கும் திரியை ஒழுங்காகக் கிள்ளி, எண்ணெயைச் சிந்தாமல் ஊற்றுவது அக்கறை. உருகும் நாள் வரும்போது விளக்கு தயாராக இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. காலையில் உட்கார்ந்து எழுந்துவிட்டு, பத்து மணிக்குச் சரியாகக் காயாத ஏலக்காயைக் காய்ந்ததோடு கலந்து எடை போட்டால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு என்ன அர்த்தம்? நான் அப்படி ஒரு தடவை செய்ய இருந்தேன். காலையில் உட்கார்ந்த நினைவு கையைப் பிடித்தது. எல்லா நாளும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்காராத அந்த இரண்டு வருஷத்தில் பிடிக்க ஒன்றுமே இல்லை.

வெளியூர்த் தமிழ் வீட்டுக்கு

நேரமில்லை என்பது நம் எல்லோருடைய குறை. பீர்மேடு, தேவிகுளம் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்கள் லயத்து வீட்டில் இருட்டிலே எழுந்து, அடுப்பை மூட்டி, பிள்ளையைப் பள்ளிக்குத் தயார் செய்து, சாமி படத்துக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலை ஏறுகிறார்கள். அவர்களுக்கு நம்மைவிட நேரம் அதிகமில்லை.

தாய்மண்ணை விட்டு வந்த நமக்குக் கோவில் மணி காதில் விழாது. தெருவில் பக்கத்து வீட்டு விளக்கைப் பார்த்து நினைவு வருவதற்கும் வழியில்லை. ஆகவே நாமேதான் நம்முடைய மணி. அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். இடம் ஒன்றாக இருக்கட்டும். அலமாரியின் ஒரு தட்டு போதும். வேளையைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட ஒரு செயலோடு கட்டுங்கள். வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும், அல்லது இரவு சாப்பாட்டுக்கு முன். இரவுப்பணி செய்பவருக்கும் இது ஒத்துவரும். வாடகை வீட்டில் நெருப்பு கூடாது என்றால் மின்விளக்கு எரியட்டும். கல்லையே ஏற்றவர் அதை மறுக்கமாட்டார். விளக்கேற்றுவது பெண்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டு ஆண்கள் தொலைக்காட்சி முன் உட்காரக்கூடாது. நமிநந்தியும் கலியரும் கணம்புல்லரும் ஆண்கள்தானே. குழந்தைகளுக்கு உபதேசம் வேண்டாம்; ஒரு வேலை கொடுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் ஊற்றுவது உன் பொறுப்பு என்று சொன்னால், ஒருநாள் நீங்கள் மறந்தாலும் குழந்தை நினைவூட்டும்.

பாலக்காட்டு ஜைனமேட்டில் எங்கள் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோவில் இருக்கிறது. பழைய கருங்கல் கோவில். சுற்றிலும் இன்று மீந்திருப்பது சில சமணக் குடும்பங்களே. அங்கே போய் நிற்கும்போதெல்லாம் நான் நினைப்பதுண்டு. ஒரு சமயம் ஓர் ஊரில் தங்குவதும் போவதும் எண்ணிக்கையால் மட்டும் தீர்மானமாவதில்லை. நாளைக் காலை கதவைத் திறக்க ஒருவர் இருக்கிறாரா என்பதால்தான். கடல் கடந்தும் எல்லை கடந்தும் வாழும் தமிழ் வீடுகளுக்கும் இதே கணக்குதான்.

அந்த லாரி ஓட்டுநரை மறந்துவிடவில்லை. மாலையைக் கழற்றும்போது எல்லாவற்றையும் கழற்றாதே, ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். அவர் அந்தி விளக்கை எடுத்துக்கொண்டார். வீட்டில் இருக்கும் நாட்களில் வீட்டில், ஓட்டத்தில் இருக்கும் நாட்களில் வண்டியிலே சாமி படத்துக்கு ஒரு ஊதுபத்தி. சில வருஷம் கழித்துப் பார்த்தபோது குடி நின்றுவிட்டதா என்று கேட்டேன். "முழுசா நின்னுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன் முதலாளி. விளக்கு வெச்ச கையோட கடைக்குப் போக மனசு வராது. சில நாள் வரும், போவேன். ஆனா மறுநாள் விளக்கை விடல" என்றார்.

நாற்பத்திரண்டாம் நாளுக்கு இதைவிட நேர்மையான விடை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.